வரைந்தது 2008, திறந்தது 2010

ஒரு திறமூல சி.எம்.எஸ் (தளத்தின் உள்ளடக்கத்தை நிர்வகிக்கும் மென்பொருள்) சமூகம் தன் தளத்தைப் புதுப்பிக்கப் போவதாகச் சொன்னதும் எல்லோரும் முதலில் கேட்பது "டிசைன் எங்கே, காட்டுங்க" என்பதுதான். யார் கட்டப்போகிறார்கள், எந்தப் பகுதி முதலில், பழைய லிங்குகள் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் குறைவு. ட்ரூபல், வேர்ட்பிரஸ், ஜூம்லா, ப்ளோன், டைப்போ3 ஆகியவற்றின் தளங்கள் மாறிய விதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வேலை சிக்கிக்கொண்ட இடம் அநேகமாக ஒன்றேதான். வரைந்து முடித்த நாளுக்கும் கட்டி முடித்த நாளுக்கும் நடுவில்.

ட்ரூபல்.ஆர்க் இதற்குப் பெரிய சாட்சி. 2008இல் மார்க் போல்ட்டன் டிசைன் நிறுவனத்தை அமர்த்தினார்கள். மார்க் போல்ட்டனும் லீசா ரைகெல்ட்டும் முன்னின்று நடத்தினார்கள். முன்மாதிரிகளை மூடி வைக்காமல் ஒவ்வொரு சுற்றையும் பொதுவில் போட்டுக் கருத்துக் கேட்டது அந்தக் காலத்துக்குத் துணிச்சலான முறை. மெனுவில் எதை எதோடு சேர்ப்பது என்பதைக்கூட அட்டை அடுக்கும் பயிற்சியாக இணையத்திலேயே வைத்தார்கள். வரைபடங்கள் கிடைத்தன, பாராட்டும் கிடைத்தது. புது முகத்தோடு தளம் திறந்தது 2010 அக்டோபரில்.

நடுவில் யாரும் தூங்கவில்லை. வரைபடத்தில் இருந்த பல பெட்டிகள் வெறும் தோற்றம் அல்ல என்பதுதான் சிக்கல். ஒவ்வொருவரும் தனக்கேற்ப அமைத்துக்கொள்ளும் டாஷ்போர்டு, முடிவுகளை வடிகட்டும் தேடல், மாட்யூல் (ட்ரூபலில் கூடுதல் வசதி சேர்க்கும் செருகுநிரல்) பக்கத்தில் புதிய தகவல்கள் என ஒவ்வொன்றும் தனி மென்பொருள் வேலை. அதோடு ட்ரூபல்.ஆர்க் ஒரே தளமும் அல்ல. குழுக்களுக்கு ஒன்று, ஏ.பி.ஐ (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) ஆவணத்துக்கு ஒன்று, மொழிபெயர்ப்புக்கு ஒன்று என்று துணைத் தளங்கள் பல. ஒரே லாகினில் எல்லாவற்றுக்குள்ளும் போக 'பேக்கரி' என்ற மாட்யூல் தேவைப்பட்டது. இத்தனையையும் வார இறுதியில் நேரம் ஒதுக்கும் தன்னார்வலர்களை மட்டும் நம்பி முடிக்க முடியாது.

ஆகவே வரைபடம் கைக்கு வந்ததும் முதல் வேலையாக அதை அச்சடித்து இரண்டு நிறப் பேனாவோடு உட்காருங்கள். ஒவ்வொரு பெட்டியின் மேலும், அதில் வரும் தரவு இன்று எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். இருக்கிற தரவைப் புது மாதிரி காட்டுவது மட்டும் என்றால் பச்சை. தரவே இல்லை, அல்லது அதைத் திரட்டப் புது நிரல் வேண்டும் என்றால் சிவப்பு. பச்சையை மட்டும் முதல் வெளியீட்டில் வையுங்கள். சிவப்பு ஒவ்வொன்றும் தனித் திட்டம், தனிப் பொறுப்பாளர், தனித் தேதி. "சமீபத்தில் உங்கள் பகுதியில் பங்களித்தவர்கள்" என்று டிசைனர் அழகாக வரைந்த ஒரு சின்னப் பெட்டி மூன்று மாத நிரல் வேலையை விழுங்கிவிடும். டிசைனருக்கு அது தெரிய நியாயமில்லை. சொல்ல வேண்டியவர்கள் கட்டுகிறவர்கள்தான், அதுவும் முன்மாதிரி பொதுவில் போகும் முன்பே. மக்கள் கைதட்டிய பிறகு ஒரு பெட்டியை எடுத்தால், கொடுத்ததைப் பறித்த மாதிரி ஆகும்.

தன் சமையலைத் தானே உண்பது

சி.எம்.எஸ் சமூகத்துக்கு என்றே ஒரு கூடுதல் சுமை உண்டு. தன் தளம் தன் மென்பொருளிலேயே, அதுவும் புதிய பதிப்பிலேயே ஓட வேண்டும் என்ற கௌரவப் பிரச்சினை. ட்ரூபல் 7 வெளியானது 2011 ஜனவரி 5. ட்ரூபல்.ஆர்க் 7க்கு மாறியது 2013 அக்டோபர் கடைசியில். இரண்டே முக்கால் வருடம்! மாட்யூல் பக்கங்கள், வெளியீடுகள், பிழைப் பதிவுகள் எல்லாவற்றையும் தாங்கும் நிரல் அந்தத் தளத்துக்கென்றே எழுதப்பட்டது. அதைப் புதிய பதிப்புக்கு எழுதாமல் எதுவும் நகராது. அந்த மாற்றத்தின்போது தோற்றத்தைத் தொடாமல் பழைய முகத்தையே 7க்குக் கொண்டுபோனார்கள். அதில்தான் புத்திசாலித்தனம் இருக்கிறது.

பதிப்பு மாற்றத்தையும் மறுவடிவமைப்பையும் ஒரே நாளில் செய்யக்கூடாது. செய்தால், ஒரு பக்கம் உடைந்திருக்கும்போது அது தரவு இடம்பெயர்ந்ததில் வந்த கோளாறா, புதிய தீமில் (தளத்தின் தோற்றத்தைத் தரும் கோப்புத் தொகுப்பு) வந்ததா என்று கண்டுபிடிக்கவே பாதி நாள் போகும். முதலில் பழைய சட்டையோடு புதிய பதிப்பு. ஒரு மாதம் ஓடட்டும். பிறகு புதிய சட்டை. "பழைய தீமைப் புதிய பதிப்புக்கு எழுதுவது வீண் உழைப்பு, எப்படியும் தூக்கி எறியத்தானே போகிறோம்" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிலையான அளவுகோல் கிடைக்கிறதே, அதற்கான விலை அது.

வேர்ட்பிரஸ் 2022இல் எதிர்த்திசையில் போனது. தளத்தின் மேல்பட்டை முதல் அடிப்பட்டை வரை எடிட்டரிலேயே மாற்றும் முழுத்தளத் திருத்தம் வேர்ட்பிரஸ் 5.9உடன் 2022 ஜனவரியில்தான் வந்தது. அதே ஆண்டிலேயே செய்திப் பக்கத்தையும், பிறகு முகப்பையும் பதிவிறக்கப் பக்கத்தையும் அந்த வசதிக்கான ப்ளாக் தீம்களாகக் கட்டினார்கள். முகப்பைப் போட இத்தனை நாளா என்று இணை நிறுவனர் மாட் முல்லன்வெக்கே பொதுவெளியில் குறைப்பட்டுக்கொண்டது அப்போது பெரிய பேச்சானது. இவ்வளவு எளிய பக்கத்தை ஒரே ஆள் ஒரே நாளில் போட்டுவிடலாமே என்பது அவர் வாதம்.

பக்கத்தை மட்டும் பார்த்தால் அவர் சொன்னது சரி. ஆனால் அந்த முகப்பு பல மொழித் தளங்களுக்கும் போக வேண்டியது. எடிட்டரில் தட்டிய உரை தரவுத்தளத்தில் உட்கார்ந்துவிட்டால் மொழிபெயர்ப்பாளர் கைக்கு வராது. அதை எடுத்துக் கோப்பாக்கி, ஒவ்வொரு வாக்கியத்தையும் மொழிபெயர்ப்புச் சரமாக மாற்றி, திரும்பத் தீமுக்குள் வைக்கும் ஏற்பாடு வேண்டும். ஒரு தடவை கட்டிவிட்டால் அடுத்த பக்கங்கள் வேகமாக வரும். முதல் பக்கம்தான் ஆமை. திட்ட அட்டவணை போடும்போது முதல் பக்கத்துக்கு மற்றவற்றைப் போல நான்கு மடங்கு நேரம் வையுங்கள்; ஏன் என்று கேட்பவர்களுக்கு இந்தக் காரணத்தை முன்னதாகவே எழுதிப் போட்டுவிடுங்கள்.

எழுத்துரு இன்னொரு பொறி. அந்த மறுவடிவமைப்பில் தலைப்புகளுக்கு ஈபி காரமண்ட், உடலுக்கு இன்டர். இரண்டிலும் தமிழ் எழுத்துகள் இல்லை. ஆங்கிலத்தில் பத்திரிகை மாதிரி மிடுக்காக நிற்கும் தலைப்பு, மொழித் தளத்தில் உலாவி கையில் கிடைத்த ஏதோ ஓர் எழுத்துருவில் விழும். எந்தச் சமூகம் என்றாலும் இதே கதைதான். வரி உயரத்தைத் தலைப்புக்கு 1.1 என்று இறுக்கினால் தமிழ், தாய், அரபி எழுத்துகளின் மேல் கீழ்க் குறிகள் அடுத்த வரியில் இடிக்கும். 1.4க்குக் கீழே போகாதீர்கள். எழுத்துக்களுக்கு நடுவே இடைவெளி விடும் அமைப்பை அரபிக்கு மட்டுமாவது அணைத்து வையுங்கள், கூட்டெழுத்து பிரிந்துவிடும். பொத்தானுக்கு நிலையான அகலம் கொடுக்கவே கூடாது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் முடிவது ஜெர்மனிலோ தமிழிலோ இரண்டு வரி கேட்கும்.

ஒரே தலைப்புப் பட்டை, மூன்று மென்பொருள்

பகுதி பகுதியாகத் திறப்பதற்கு ஒரு விலை உண்டு. முகப்பு புதுசு, மன்றம் பழசு என்று தளம் ஒட்டுப்போட்ட சட்டையாக ஒன்றிரண்டு வருடம் நிற்கும். வேர்ட்பிரஸ் இதைச் சமாளித்த வழி பின்பற்றத்தக்கது: மேல்பட்டையையும் அடிப்பட்டையையும் மட்டும் முதலில் பொதுவாகப் பிரித்தெடுத்து, பழைய பகுதி புதிய பகுதி என்ற வேறுபாடின்றி எங்கும் மாட்டிவிட்டார்கள். உள்ளே இருப்பது பழசானாலும் வாசகருக்குத் தான் அதே வீட்டில்தான் இருக்கிறோம் என்று தெரியும்.

ஜூம்லாவுக்கு இது இன்னும் கடினம். மன்றம் பி.ஹெச்.பி.பி.பி என்ற மன்ற மென்பொருளில், ஆவணங்கள் மீடியாவிக்கி என்ற விக்கி மென்பொருளில், மற்றவை ஜூம்லாவில். ஒரே மேல்பட்டையை மூன்று வேறு டெம்ப்ளேட் மொழிகளில் மாட்ட வேண்டும். ஜூம்லா 3இன் தோற்றத்துக்கு அடித்தளம் பூட்ஸ்ட்ராப் 2 என்ற ஆயத்த சி.எஸ்.எஸ் (பக்கத்தின் தோற்ற விதிகள்) கட்டமைப்பு. ஜூம்லா 4 வந்தபோது (2021 ஆகஸ்ட்) பூட்ஸ்ட்ராப் 5. இரண்டிலும் கட்டத்தின் வகுப்புப் பெயர்களே வேறு, 5இல் ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகமும் இல்லை. ஒரே மேல்பட்டையை இரண்டு தலைமுறைப் பக்கங்களிலும் வைத்தால், பக்கத்தின் சி.எஸ்.எஸ் பட்டையைக் கெடுக்கும், பட்டையின் சி.எஸ்.எஸ் பக்கத்தைக் கெடுக்கும்.

இதற்கு நடைமுறையில் நிற்கும் வழி: பொதுப் பட்டைக்கு எந்தக் கட்டமைப்பையும் நம்பாத சொந்தச் சி.எஸ்.எஸ். எல்லா வகுப்புப் பெயருக்கும் ஒரே முன்னொட்டு. எழுத்தளவை பிக்சலிலேயே கொடுங்கள். வழக்கமாக வேர் எழுத்தளவை ஒட்டிய அலகுதான் நல்லது என்றாலும், பூட்ஸ்ட்ராப் 2 பக்கத்தில் வேர் அளவு ஒன்று, விக்கியில் வேறொன்று என்று இருக்கும்போது பட்டை ஓரிடத்தில் வீங்கும், ஓரிடத்தில் சுருங்கும். உலாவியில் பக்கத்தைப் பெரிதாக்கும்போது பிக்சலும் கூடவே பெரிதாகும். எழுத்தளவை மட்டும் மாற்றி வைத்திருப்பவர்களுக்கு ஆகாது, அந்த இழப்பைத் தெரிந்தே ஏற்க வேண்டும். பட்டையை வேறொரு சர்வரிலிருந்து ஜாவாஸ்கிரிப்ட்டால் இழுத்து ஒட்டுவது கவர்ச்சியாகத் தோன்றும். செய்யாதீர்கள். அந்தச் சர்வர் ஒரு நிமிடம் படுத்தால் எல்லாத் துணைத் தளங்களிலும் மெனு காணாமல் போகும், பக்கம் ஏறும்போது உள்ளடக்கம் கீழே குதிக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை சர்வர் பக்கத்தில் எடுத்து, கோப்பாகச் சேமித்துக்கொண்டு, அதிலிருந்து பரிமாறுவது பாதுகாப்பு.

ப்ளோன் வேறு வழி எடுத்தது, கழித்தது. ஒரு காலத்தில் ப்ளோன்.ஆர்க் தளத்திலேயே கிடந்த ஆவணங்கள் தனித் தளத்துக்குப் போயின, செருகுநிரல்கள் பைத்தான் தொகுப்புகளின் பொதுக் கிடங்குக்குப் போயின, கேள்வி பதில் டிஸ்கோர்ஸ் என்ற மன்ற மென்பொருளுக்குப் போனது. மிச்சமிருந்தது சிறியது, ஆகவே பதிப்பு 6 வந்தபோது வோல்ட்டோ என்ற புதிய முன்பக்க மென்பொருளுக்கு மாற்றவும் முடிந்தது. சமூகம் சிறியதாக இருந்தால் இதுவே சரியான முடிவு என்பது என் தீர்ப்பு. பத்துப் பேர் பராமரிக்கும் தளத்துக்கு ஐம்பது பேருக்கான தள வரைபடம் போடக்கூடாது.

டைப்போ3 பற்றி ஒன்றே ஒன்று, அதுவும் நிறம் பற்றி. அதன் அடையாள ஆரஞ்சு (சிவப்பு 255, பச்சை 135, நீலம் 0) மேல் வெள்ளை எழுத்து வைத்தால் மாறுபாட்டு விகிதம் 2.4தான். அணுகல்தன்மை விதி சாதாரண எழுத்துக்குக் கேட்பது 4.5, பெரிய எழுத்துக்கு 3. அதே ஆரஞ்சில் கறுப்பு எழுத்து வைத்தால் 8.7. வேர்ட்பிரஸின் புதிய நீலத்தில் (56, 88, 233) வெள்ளை எழுத்து 5.6 வருகிறது, தப்பித்தது. நிறத்தைப் பற்றி நூறு பேர் கருத்துச் சொல்லும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பலகையில் ஒட்டிவிட்டால் பாதிச் சண்டை தானாகவே அடங்கும்.

மனிதர் அல்லாத வாசகர்கள்

மறுவடிவமைப்புக் குழுவில் யாருமே நினைத்துப் பார்க்காத பெரிய கூட்டம் இதுதான். உலகெங்கும் நிறுவப்பட்டுள்ள ஒவ்வொரு வேர்ட்பிரஸும் ஒரு நாளைக்கு இரண்டு முறை தாய்த் தளத்தின் ஏ.பி.ஐயிடம் புதிய பதிப்பு உண்டா என்று கேட்கிறது. ட்ரூபல் தளங்கள் அமைப்பைப் பொறுத்து நாளுக்கோ வாரத்துக்கோ ஒரு முறை. ஜூம்லாவுக்கும் தனிப் புதுப்பிப்புச் சர்வர் இருக்கிறது. வேர்ட்பிரஸ் நிர்வாகப் பலகையில் தெரியும் செய்திப் பெட்டி, செய்திப் பக்கத்தின் ஓடையிலிருந்து (நிரல்கள் படிக்கும் பதிவுப் பட்டியல்) வருவது. இவை உடைந்தால் யாரும் புகார் எழுத மாட்டார்கள். பாதுகாப்புத் திருத்தம் போய்ச் சேராது, அவ்வளவுதான்.

உடையும் விதங்கள் பெரும்பாலும் நான்கு. முதலாவது, வெளியீட்டு நாளில் கூட்டம் வருமே என்று ரோபோக்களைத் தடுக்கும் சுவர் ஒன்றை அவசரமாக எழுப்புவார்கள்; அது எக்ஸ்.எம்.எல் கேட்டு வரும் நிரலுக்கும் "நீங்கள் மனிதரா" என்ற ஹெச்.டி.எம்.எல் பக்கத்தைக் கொடுக்கும். சர்வர் அனுப்பும் நிலைக் குறியீடு சில சமயம் 200 ('எல்லாம் சரி') என்றே வரும், ஆகவே கண்காணிப்புக் கருவியும் ஏமாறும். அடுத்தது, எல்லா முகவரியையும் புதிய வடிவத்துக்கு 301 ('நிரந்தரமாக இடம் மாறியது') போட்டுத் திருப்புவது. போஸ்ட் முறையில் (தரவையும் உடன் அனுப்பி) வரும் கேள்வியை 301இல் திருப்பினால் பல நிரல்கள் அதை வெறுமனே பக்கம் கேட்கும் கெட் ஆக மாற்றி அனுப்பும், கூட வந்த தரவு போய்விடும். வேர்ட்பிரஸ் புதுப்பிப்புக் கேள்வி போஸ்ட் வகைதான். அப்படிப்பட்ட இடத்தில் திருப்பவே கூடாது. திருப்பியே ஆகவேண்டும் என்றால் 308, அது முறையை மாற்றாது. மூன்றாவது, ஓடையில் முழு உரை வந்த இடத்தில் முன்னுரை மட்டும் வர ஆரம்பிப்பது. நான்காவது, பழைய பி.ஹெச்.பி வைத்திருக்கும் தளங்கள் பேசக்கூடிய பழைய டி.எல்.எஸ் (இணைப்பை மறையாக்கும் நெறிமுறை) பதிப்பைப் புதிய சி.டி.என் (பக்கங்களின் நகலைப் பல இடங்களிலிருந்து பரிமாறும் சேவை) மறுப்பது. இந்தக் கடைசி ஒன்றில் மாற்றம் வேண்டுமென்றாலும் அதை மறுவடிவமைப்போடு சேர்க்காதீர்கள், தனியாக அறிவித்துச் செய்யுங்கள்.

சோதனை எளிது. இயந்திரங்கள் கேட்கும் முகவரிகளை ஒரு பட்டியலாக்கி (முப்பது நாற்பதுக்கு மேல் போகாது), ஒவ்வொன்றுக்கும் மூன்று விஷயம் பாருங்கள்: நிலைக் குறியீடு, உள்ளடக்க வகைத் தலைப்பு, முதல் வரி. பழைய சர்வரின் பதிலையும் புதியதன் பதிலையும் பக்கத்தில் வைத்து வித்தியாசம் எடுங்கள். உலாவியில் திறந்து பார்ப்பது சோதனை ஆகாது.

செருகுநிரல் ஆசிரியர்களும் ஒரு வகையில் இந்தக் கூட்டத்தில் சேர்த்தி. வேர்ட்பிரஸ் கிடங்கில் ஒரு செருகுநிரலின் பேனர் 772×250, கூர்மையான திரைக்கு 1544×500. ஐகான் 128×128, 256×256. குறு விளக்கம் 150 எழுத்துகளுக்குள். இந்த எண்களைப் பார்த்து எத்தனையோ ஆயிரம் பேர் படம் வரைந்து வைத்திருக்கிறார்கள். புது டிசைனில் பேனரைச் சதுரமாக்கினால் அழகாக இருக்கும் என்று யாராவது சொன்னால், அத்தனை பேனர்களிலும் உள்ள பெயர் இரண்டு பக்கமும் வெட்டுப்படும் என்று ஒரு இருபது மாதிரியை எடுத்துக் காட்டுங்கள். கைவிடப்பட்ட செருகுநிரலுக்குப் புதுப் பேனர் வரையப்போவது யார்? விகிதத்தை மாற்றாதீர்கள். அதைச் சுற்றி இருப்பதை மாற்றுங்கள்.

இதே கிடங்கில் 2017 மார்ச்சில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அதுவரை பிபிபிரஸ் என்ற மன்ற மென்பொருளில் ஓடிய கிடங்கை வேர்ட்பிரஸுக்கு மாற்றியபோது, விளக்கம், நிறுவுதல், கேள்விகள், மாற்றங்கள் என்று இருந்த தாவல்களை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே நீளப் பக்கமாக்கி, மடித்து வைத்தார்கள். முதல் முறை வருபவருக்கு அது நல்ல ஏற்பாடாகத் தோன்றும். ஆனால் கிடங்குக்குத் திரும்பத் திரும்ப வருகிறவர் தேடுவது 'மாற்றங்கள்' ஒன்றைத்தான். புதுப்பிக்கும் முன் என்ன மாறியது என்று பார்க்க. அவருக்கு ஒரு சொடுக்கு என்றிருந்தது உருட்டித் தேடும் வேலையானது. எதிர்ப்பு வந்தது, தாவல்கள் பிறகு திரும்ப வந்தன. சோதனைக்கு ஆள் எடுக்கும்போது பாதிப் பேர் புதியவர்கள், பாதிப் பேர் வாரா வாரம் வருகிறவர்கள் என்று எடுங்கள். இருவரிடமும் ஒரே கேள்விகளைக் கொடுக்காதீர்கள்.

பழைய முகவரிகள்

நான்கு பத்தி கொண்ட ஒரு விரிதாள் போதும்: பழைய முகவரி, புதிய முகவரி, குறியீடு, பொறுப்பாளர். கடைசிப் பத்தியை வெறுமையாக விட்டால் அந்த வரி அழுகிப்போகும். சர்வர் பதிவேட்டிலிருந்து 90 நாள் எடுத்து, வருகை எண்ணிக்கைப்படி அடுக்குங்கள். மேலே உள்ள சில நூறு முகவரிகளைக் கையால் ஒவ்வொன்றாகப் பாருங்கள், மற்றவற்றுக்கு விதி எழுதுங்கள். ஒரு திருப்பலுக்கு மேல் தொடர் நீளக் கூடாது. பத்து வருடத் தளத்தில் ஏற்கெனவே இரண்டு மூன்று தலைமுறைத் திருப்பல்கள் இருக்கும், அவற்றையும் நேரே கடைசி முகவரிக்கு மாற்றி எழுதுங்கள். நிரந்தரமாக நீக்கிய பக்கத்துக்கு 410. எல்லா அநாதைப் பக்கத்தையும் முகப்புக்குத் திருப்புவது வாசகரை ஏமாற்றும் வேலை, தேடுபொறிகளும் அதை 404 ('பக்கம் இல்லை') போலவே எடுத்துக்கொள்கின்றன.

ட்ரூபலில் ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் ஓர் எண் முகவரி உண்டு. மேலே எத்தனை அழகான பெயர் வைத்தாலும் எண் வேலை செய்யும். பழைய மடல்களிலும் நிரல் குறிப்புகளிலும் கிடக்கும் லிங்குகள் பெரும்பாலும் அந்த எண்கள்தான். தரவை இடம்பெயர்க்கும்போது எண்களை அப்படியே காப்பாற்றினால் திருப்பல் விதிகளில் பாதி தேவைப்படாது. 'சுத்தமாகத் தொடங்குவோம்' என்று புது எண் கொடுத்தவர்கள் அப்புறம் படும் பாடு சொல்லி மாளாது.

ஆவணத் தளத்தில் இன்னொரு நுட்பம் இருக்கிறது, இதில் அடிபடாதவர்கள் குறைவு. முகவரியின் கடைசியில் ஹாஷ் (#) குறி போட்டு வரும் பகுதிப் பெயர் சர்வருக்கு வரவே வராது, உலாவியிலேயே நின்றுவிடும். வேர்ட்பிரஸின் பழைய கோடெக்ஸ் மாதிரி ஒரு விக்கியில் ஒரே நீளப் பக்கமாக இருந்ததைப் புதிய தளத்தில் ஆறு பக்கங்களாகப் பிரித்தால், நான்காம் பகுதிக்கு வந்த லிங்க் முதல் பக்கத்தின் தலையில் போய் நிற்கும். சர்வர் விதியால் இதைச் சரிசெய்ய முடியாது. திருப்பலின் இலக்குப் பக்கத்தில் பத்து வரி ஜாவாஸ்கிரிப்ட் வைத்து, ஹாஷைப் படித்து, ஓர் அட்டவணையைப் பார்த்துச் சரியான பக்கத்துக்கு அனுப்ப வேண்டும். அதுகூட எல்லாப் பக்கத்துக்கும் வேண்டாம். அதிகம் படிக்கப்படும் ஐம்பது பக்கங்களுக்குச் செய்தால் போதும். மீடியாவிக்கியில் பெரிய எழுத்து சின்ன எழுத்து வேறுபாடு உண்டு என்பதையும், இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு வரும் என்பதையும் விதி எழுதுபவரிடம் சொல்லி வையுங்கள்.

புதிய தீமைச் சோதிக்க எடுக்கும் பக்கங்களும் இங்கேயே முடிவாகட்டும். டிசைனர் எப்போதும் அழகான பக்கத்தில்தான் காட்டுவார். நீங்கள் இருபது அவலட்சணமான பக்கங்களைப் பொறுக்குங்கள்: எட்டுப் பத்தி அட்டவணை கொண்ட பிழைப் பட்டியல், பத்து வருடத்துக்கு முன் யாரோ நிறத்தையும் அகலத்தையும் ஹெச்.டி.எம்.எல்லுக்குள்ளேயே எழுதிவிட்டுப் போன பக்கம், உடைக்காத நீள நிரல் வரி, 300 பதில்கள் கொண்ட விவாதம், வலமிருந்து இடம் எழுதும் மொழிப் பக்கம். ட்ரூபலின் பழைய மாட்யூல் பக்கங்களில் பரிந்துரைக்கும் வெளியீடு பச்சை, உருவாக்க நிலையில் உள்ள வெளியீடு சிவப்பு என்று பட்டைகள் இருந்தன. பச்சை சிவப்பு பிரித்தறிய முடியாதவருக்கு இரண்டும் ஒன்றே. நிறத்தோடு ஒரு சொல்லும் இருக்க வேண்டும் என்பது இப்படிப்பட்ட பக்கத்தில்தான் புரியும்.

கருத்துக் கேட்பது, முடிவெடுப்பது

மிதிவண்டிக் கொட்டகைக்கு எந்த வண்ணம் அடிப்பது என்ற விவாதம், அதாவது பெரிய வேலையை விட்டு எல்லோரும் சின்ன விஷயத்தில் கருத்துச் சொல்வது, ஃப்ரீபி.எஸ்.டி என்ற இயங்குதளத்தின் காலத்திலிருந்தே திறமூல உலகில் பழமொழி. தளத்தின் தோற்றம்தான் அதற்கு விளைநிலம், ஏனென்றால் எல்லோருக்கும் கண் இருக்கிறது. "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் வண்ணம் பற்றித்தான் பதில் வரும். "உங்கள் மாட்யூலின் கடைசி வெளியீட்டை இந்தப் பக்கத்தில் கண்டுபிடியுங்கள், எத்தனை சொடுக்கு ஆனது?" என்று கேளுங்கள். கருத்துக்கு முடிவுத் தேதி வையுங்கள். இரண்டு வாரம் போதும். யார் முடிவெடுப்பார் என்று ஒரு பெயரை முதல் நாளே எழுதுங்கள். பெயரில்லாத இடத்தில் கடைசியாகப் பேசியவர் சொன்னதே முடிவாகிவிடும்.

ஆவணப் பக்கங்களுக்கும் இதே கதை. ட்ரூபல்.ஆர்க் பின்னாளில் ஆவணங்களை வழிகாட்டிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பராமரிப்பாளர்களை வைத்தது, எந்தப் புது எழுத்துருவையும் விடப் படிப்பவருக்கு உதவியது. அதுபோல 2015இல் பிழைத் திருத்தங்களில் பங்களித்தவரோடு அவரது நிறுவனத்துக்கும் பெயர் போகும்படி செய்ததும். திரையில் பார்த்தால் ஒரு சின்னத் தேர்வுப் பெட்டி. ஆனால் எந்த நிறுவனம் எவ்வளவு திருப்பிக் கொடுக்கிறது என்பது அன்றுமுதல் எண்ணிக்கையாகத் தெரிய ஆரம்பித்தது.

திறக்கும் நாள்

டி.என்.எஸ் பதிவின் (தளப் பெயரைச் சர்வர் முகவரியோடு இணைப்பது) ஆயுளை 48 மணி நேரம் முன்பே 300 விநாடிக்கு இறக்குங்கள். சி.எஸ்.எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளின் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கட்டும், இல்லாவிட்டால் சி.டி.என் பழைய சி.எஸ்.எஸ்ஸைப் புதிய ஹெச்.டி.எம்.எல்லோடு கொடுத்து ஒரு மணி நேரம் தளம் கந்தலாகத் தெரியும். கேஷ் (சேமித்து வைத்த பக்க நகல்கள்) முழுவதையும் ஒரே அடியில் துடைக்காதீர்கள். எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் தரவுத்தளத்தைத் தட்டும். பகுதி பகுதியாகத் துடைத்து, அதிகம் படிக்கப்படும் ஆயிரம் பக்கங்களை முன்கூட்டியே ஒரு முறை அழைத்துச் சூடாக்கி வையுங்கள். குக்கியின் பெயரோ டொமைன் எல்லையோ மாறினால் எல்லோரும் லாகினிலிருந்து வெளியே விழுவார்கள், அன்று கடவுச்சொல் மீட்பு மின்னஞ்சல்கள் குவியும். மின்னஞ்சல் சர்வரின் மணிக்கணக்கு வரம்பை முன்பே பார்த்து வையுங்கள். வெள்ளிக்கிழமை திறக்காதீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. சொன்னாலும் யாராவது திறப்பார்கள்.

லாகின் செய்தவராகவும் செய்யாதவராகவும் இரண்டு விதமாகவும் பாருங்கள். கேஷ் லாகின் செய்யாதவருக்குத்தான் வேலை செய்யும். பங்களிப்பாளர்கள் எல்லோரும் லாகின் செய்தவர்கள். குழு வெளியிலிருந்து அளந்து "அரை விநாடியில் ஏறுகிறது" என்று மகிழ்ந்துகொண்டிருக்கும்போது உள்ளே வேலை செய்கிறவர்களுக்கு நான்கு விநாடி ஆகும்.

அடுத்த இரண்டு வாரம் தினமும் காலையில் 404 பதிவேட்டை எண்ணிக்கைப்படி அடுக்கி, எங்கிருந்து வந்தார்கள் என்ற பத்தியோடு மேலே உள்ள ஐம்பதைப் பாருங்கள். முதல் மூன்று நாள் விட்டுப்போன திருப்பல்கள் வரும். அதற்குப் பிறகு வருவதில் பாதி தாக்குதல் ரோபோக்களின் சத்தம். இன்னொரு பாதி, யாருமே நினைவில் வைத்திராத ஏதோ ஒரு பழைய பயிற்சிக் கோப்பு, பழைய சின்னப் படம், நிறுவிகள் நேரடியாக இழுக்கும் ஒரு தொகுப்பு. அவற்றைத் திரும்ப வைக்க ஆதாரம் வேண்டும். அதனால் பழைய சர்வரை மறுநாளே அணைக்காதீர்கள். எழுத முடியாத நிலையில், தேடுபொறிக்கு மூடி, உள் முகவரியில் ஆறு மாதம் விட்டு வையுங்கள், அதை அணைக்கும் தேதியையும் அணைப்பவர் பெயரையும் அதே விரிதாளில் கடைசி வரியாக எழுதிவிடுங்கள்.